மாமா மொழிபெயர்த்த பிரசங்கம்

தேவாலய வளவுக்குள் வைத்து நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

அந்த வருடம் எங்கள் ஊர்ச் சபையில் எழுப்புதல் கூட்டம் வைத்தார்கள். பிரசங்கிக்க ஒரு வெள்ளைக்காரத் துரை வந்திருந்தார். மணமாகாதவர், ஆனால் அது ஊருக்குத் தெரியாது. தமிழில் ‘தோத்திரம்’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியாது. வழக்கமாக மொழிபெயர்க்கும் உபதேசியார் குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டார். போதகருக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் மூச்சு இழுக்கும் தொய்வு நோயால் அவருடைய குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. மிச்சமிருந்தவர் அம்மாவின் தம்பி.

மாமா யாழ்ப்பாண நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். சாட்சிக்காரன் தமிழில் அழுதால் மாமாவின் ஆங்கிலமும் அழும் என்று சனங்கள் சொல்வார்கள். ‘நான் வெட்டினேன்’ என்று ஒருவன் சொன்னால், மாமாவும் தானே வெட்டியவர்போல ‘நான்’ என்றுதான் சொல்லவேண்டும். அதுதான் அங்கே முறை. ஆனால் அவர் ஆலயத்துக்குள் காலடி வைத்து இரண்டு வருடமாகியிருந்தது. அவருடைய ஒரே பிள்ளை காய்ச்சலில் இறந்துபோனது. டொக்டர் வீட்டில் இல்லாதபடியால் பிள்ளை தப்பவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு மாமி சண்டிலிப்பாயில் தாய்வீட்டுக்குப் போனவர், திரும்பி வரவில்லை.

என் தகப்பனாரான ஐயா சபை மூப்பர். புகையிலைத் தோட்டக்காரர், ஆங்கிலம் அறியாதவர். மற்ற மூப்பர்கள் எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது அவர்தான் முதலில் மறுத்தார்.

“உவனுக்கு இருக்கிறது நாக்கு. வரம் இல்லை.”

தாலந்து பிறப்போடு வருவது, கள்ளனுக்கும் இருக்கும். வரம் ஆவியானவர் தருவது. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்து ஊழியம் செய்யக்கூடாது என்று ஐயா வெகு நேரம் விளக்கினார். போதகர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வரம் உள்ளவர் காய்ச்சலில் கிடக்கிறாரே என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் ஐயா ஒரு நிபந்தனையோடு இணங்கினார். மாமா ஒரு சொல்லையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டார் என்று தானே சபைக்குப் பொறுப்பு நின்றார். மாமாவும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஐயாவின் மனம் ஆறவில்லை. பெண்கள் பாடசாலையில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த என்னைத் தனியே கூப்பிட்டார்.

“நீ முன்னுக்கு இரு பிள்ளை. துரை சொல்லாததை மாமா சொன்னா எழும்பி என்னைப் பார். நான் அந்த இடத்திலையே நிப்பாட்டுவன்.”

எனக்கு மாமாவில் பிரியம். ஐயாவில் பயம். சனிக்கிழமை பின்னேரம் ஆலய வளவில் போட்டிருந்த ஓலைப்பந்தலில் முன்பாயில் போய் உட்கார்ந்தேன். அக்கம்பக்கத்து ஊர்ச் சனங்களெல்லாம் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தின் கடைசி வரிசையில் மாமி, தன் தாயோடு. மாமா மேடையில் ஏறியதும் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

துரை எடுத்துக்கொண்ட பொருளும் அதுவேதான்: ஆவியின் வரமும் மனிதரின் தாலந்தும். நீராவி இல்லாத ரயில் எஞ்சினைப்பற்றி அவர் ஆங்கிலத்தில் சொன்னார். மாமாவோ, கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் துலா எவ்வளவு நீளமாக இருந்தும் இறைக்கிற பட்டை வெறுமையாகத்தான் வரும் என்றார். இது கூட்டிச் சொன்னதில் சேருமா? நான் பாதி எழும்பிவிட்டேன். மூப்பர்களோடு மேடையில் இருந்த ஐயா நிமிர்ந்தார். தோட்டக்காரர்கள் தலையாட்டுவதைக் கண்டு மெல்ல உட்கார்ந்துகொண்டேன்.

தாலந்து உள்ளவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வான் என்று துரை சொன்னார். மாமா அதைச் சொன்னார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. மேடைத் தமிழ் போய், வீட்டில் பேசும் தமிழ் வந்தது.

“எனக்கும் ஒரு பிள்ளை இருந்தது. காய்ச்சல். டொக்டரைக் கூட்டியாறன் எண்டு போனவன், வழியிலை நாலு சிநேகிதரைக் கண்டு கதைச்சுக்கொண்டு நிண்டிட்டன். நான் சொன்ன கதைக்கு எல்லாரும் சிரிச்சினம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிச்சிருந்தது. வீட்டை வரேக்கை பிள்ளை இல்லை. டொக்டர் வீட்டிலை இல்லை எண்டு பெண்சாதிக்குச் சொன்னன். அவள் திருப்பித் திருப்பிக் கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் என்னட்டை மறுமொழி இருந்தது. நான் வெண்டிட்டன்.”

துரை இதில் ஒன்றும் சொல்லவில்லை. தமிழ் நீளமான பாஷை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி பொறுமையாக நின்றார். போதகரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி, தலை குனிந்து, நாடியை நெஞ்சில் பதித்திருந்தார். இந்த நேரத்தில் நித்திரை கொள்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

நான் எழும்பினேன். ஐயா என்னைப் பார்த்தார். அவருடைய கன்னம் நனைந்திருந்தது. ஐயா அழுது நான் அதுவரை கண்டதில்லை. பாவாடையைச் சரிசெய்வதுபோலப் பாவனை செய்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டேன். பின்னால் மாமி எழும்பி வெளியே போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்ததும், அந்த ‘நான்’ துரையே என்று நம்பிய ஒரு கிழவி துரையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “பிள்ளையைப் பறிகுடுத்திட்டியே மோனை” என்று அழுதாள். அவள் என்ன சொல்கிறாள் என்று துரை மாமாவைக் கேட்டார். நீதிமன்றமே மெச்சிய மாமாவுக்கு வாய் திறக்கவில்லை. அப்போது போதகர் இடையில் வந்து, அந்த அம்மாள் உங்களை ஆசீர்வதிக்கிறார் என்று தன் மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் நித்திரை கொள்ளவில்லை.

ஐயா மூப்பர்களோடு என்னிடம் வந்தார்.

“துரை சொன்னதைத்தானே மாமா சொன்னவர்?”

“ஓம் ஐயா.”

ஐயா மற்றவர்களிடம் திரும்பினார். துரைக்கும் தன் மைத்துனனுக்கும் ஒரே துக்கம் என்றும், அதைச் சொல்லும்போது ஆவியானவர் அவனில் இறங்கிவிட்டார் என்றும், இனி அது தாலந்து அல்ல, வரம் என்றும் சொன்னார். மாமா தேத்தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டார். பிறகு எத்தனையோ முறை கேட்டும் அவர் ஆலயத்தில் மொழிபெயர்க்க வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து, அம்மா தோட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் மாமி ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைக் குசினிக்குள் கூட்டிப்போனார்.

“அண்டைக்குத் துரை தன்ரை பிள்ளையைப்பற்றி இங்கிலீசிலை என்ன சொன்னவர்?”

மறுபடி பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

“ஒண்டும் சொல்லேல்லை மாமி. அவருக்குக் கலியாணமே ஆகேல்லை.”

“டொக்டரைக் கூப்பிடப் போனது?”

“அதுவும் சொல்லேல்லை. எல்லாம் மாமாதான் சொன்னவர்.” எனக்கு அழுகை வந்துவிட்டது. “ஐயாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ.”

மாமி சேலைத்தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனார். சண்டிலிப்பாய்ப் பக்கம் திரும்பவில்லை, மாமா வீட்டுப் பக்கம் திரும்பினார். சண்டைக்குத்தான் போகிறார், மாமாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நடுங்கினேன். அடுப்படியிலேயே முழங்காலில் நின்று, மாமி எதைக் கேட்டாலும் மாமாவுக்கு நல்ல மறுமொழி வரவேண்டும் என்று மன்றாடினேன்.

அந்த மன்றாட்டு கேட்கப்படவில்லை. மாமி போய் வாசல் படலையில் நின்றபோது மாமா ஒரு சொல்லும் பேசாமல் தலை குனிந்து நின்றாராம். மாமி உள்ளே போய் அடுப்பை மூட்டினாராம். அம்மா பிறகு சொன்னார்.

அவ்வளவு கெட்டிக்காரரான மாமாவின் நாக்கு அந்த நேரம் பார்த்து ஏன் அடைத்துப்போனது என்று நான் கனகாலம் யோசித்துக்கொண்டிருந்தேன்.