பதினோரு நிமிடக் குளியல்

லிட்டரக்கா குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். "ஓடுது. ஆனா முழுசா ஓடல" என்று சொல்லி நோட்டில் குறிக்கிறார். மீட்டர் முள்ளை அதற்குப் பிறகுதான் பார்ப்பார். "மீட்டர் பொய் சொல்லாதுங்க. அப்பப்ப தூங்கிடும், அவ்வளவுதான்."

நிலக்கரிச் சுரங்கத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று மதிப்பிடுவது இவர் வேலை. ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் அனுமதியைத் திருத்தும்போதெல்லாம் இவர் கணக்குதான் மேலே போகும். லாரிக்காரர்கள் வைத்த பெயர் லிட்டரக்கா. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவார். ஐம்பதை நெருங்கும் வயது. ஆண்கள் அளவு ரப்பர் பூட்ஸ், உள்ளே இரண்டு ஜோடி காலுறை. வீட்டில் மட்டும் எதையும் அளப்பதில்லை. சமைக்கும் கணவர் உப்பு எவ்வளவு என்று கேட்டால், "கண்ணால பாத்துப் போடுங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்பார்.

சென்ற மாதம், ஆற்றில் வரத்து குறைந்ததால் அனுமதி அளவைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. மேனேஜருக்கு வழி சுலபமாகத் தெரிந்தது. "தொழிலாளிங்க குளியல்ல கை வைங்க மேடம். ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னு போட்டுடுங்க. தூசிக்குத் தண்ணி அடிக்கிற லாரி பன்னெண்டு நடை அப்படியே இருக்கட்டும்."

இவரோ நான்கு நாள் அந்த லாரியிலேயே ஏறிச் சுற்றினார். நாளுக்கு ஒன்பது நடைக்கு மேல் போகவில்லை. பன்னிரண்டு என்பது எந்தக் காலத்திலோ யாரோ எழுதியதை, வருகிறவர்களெல்லாம் பார்த்து எழுதி வந்த எண். அடுத்து, குளியலறை வாசலில் முதுகு காட்டி நாற்காலி போட்டு, கடிகாரத்தோடு உட்கார்ந்தார். உள்ளே ஒரே கேலி.

"அக்கா, முதுகு தேய்ச்சாச்சு, எழுதிக்குங்க!"

"கழுத்தை விட்டிருப்பீங்க, மறுபடி போங்க!"

கரி போக ஆளுக்குப் பதினோரு நிமிடம் ஆனது. லாரியில் மிச்சமானதைக் குளியலுக்குக் கொடுத்த பிறகும் மொத்தம் பழைய அளவைவிடக் குறைந்து, கடிதம் கேட்ட அளவுக்குள் வந்தது. மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்.

அனுமதி அலுவலகத்துக்குச் சுரங்க அலுவலகத்திலிருந்து உதவிக்கு நானும் கூடப் போயிருந்தேன். அதிகாரியின் பேனா குளியல் வரியில் நின்றது.

"பதினோரு நிமிஷமா? கல்யாண மாப்பிள்ளைகூட இவ்வளவு நேரம் குளிக்க மாட்டானேம்மா!"

லிட்டரக்கா பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். நடுவில் கன்னங்கரேலென்று ஒரு திட்டு.

"அஞ்சு நிமிஷம் குளிச்சவரோட காதுக்குப் பின்னாடி துடைச்சது சார். இதோடதான் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கணும்."

அதிகாரி வரியை அடிக்காமல் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, கைக்குட்டையைத் திருப்பி நீட்டினார்.

"அது ஃபைல்லயே இருக்கட்டும் சார். அடுத்த தடவையும் யாராவது கேப்பாங்க" என்ற லிட்டரக்கா, அதிகாரியின் மேசையிலிருந்தே ஒரு குண்டூசியை எடுத்துக் கைக்குட்டையை அந்தத் தாளோடு சேர்த்துக் குத்தினார்.