எட்மண்டனில் மூலை வெட்டிய கடித உறைகள்

என் சம்பந்தி ராபர்ட்டின் குடும்பக் கடித உறைகளின் மூலைகளை லண்டன் எட்மண்டனில் ஒரு பழைய சாமான் கடைக்காரர் வெட்டி விற்றுவிட்டார். மிஞ்சியதை மீட்க மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் போனோம். இப்படிக் குடும்பக் காகிதம் தேடி அலைகிறவர்களுக்காக எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராபர்ட் எஸெக்ஸில் உருளைக்கிழங்கு பயிரிடுபவர். அவருடைய மகளைத்தான் என் மகன் கட்டியிருக்கிறான். ஐந்து தலைமுறைக்கு முன் ஜெர்மனியிலிருந்து வந்து குத்தகைக்கு நிலம் எடுத்த குடும்பம். எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அவரிடம் இருந்தது ஒரு பெட்டிக் கடிதம் மட்டுமே. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம், தங்கை பழைய வீட்டைக் காலி செய்ய ஆள் பிடித்து அந்தப் பெட்டியையும் சேர்த்து அனுப்பிவிட்டார். அந்த ஆள் கொடுத்த ரசீதில் கடை விலாசம் இருந்தது. நான் ஒன்பது வருடம் ஜெர்மனியில் இருந்தவன், மொழி வாசிப்பேன் என்பதால் என்னையும் கூப்பிட்டார்.

இல்ஃபோர்ட்டில் 9.10க்கு எலிசபெத் லைன் ரயில். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மாறி எட்மண்டன் கிரீனில் இறங்க 10.15. அங்கிருந்து பத்து நிமிட நடை. கார் கொண்டுபோகாதீர்கள், நிறுத்த இடமில்லை.

கடைக்காரர் நம்மவர், இலங்கைத் தமிழர். அதுவும் என்னைப்போல ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். மேசையில் கத்தரிக்கோல். கடிதங்கள் கீழே வாழைப்பழப் பெட்டியில் கிடந்தன. எல்லா உறைகளிலும் முத்திரை, அதாவது ஸ்டாம்பு, ஒட்டிய மூலை இல்லை. முத்திரையோடு தபால் சீலும் போய்விட்டது. கடிதங்களில் பழைய கையெழுத்து, எனக்குப் பாதிதான் பிடிபட்டது: பசு செத்தது, தங்கைக்குக் கல்யாணம், அங்கே நிலம் எப்படி. திகதி உண்டு, ஊர்ப்பெயர் இல்லை. அது சீலில்தான் இருந்திருக்கும்.

"வெட்டின துண்டுகள் எங்க?"

"வித்துப்போட்டன் அண்ணை. முத்திரை சேர்க்கிற ஆள் ஒருத்தர் செவ்வாய்க்குச் செவ்வாய் வாறவர். கடுதாசியை ஆர் வாங்கிறது? வெள்ளைக்காரன்ர குப்பைக்கு நீங்கள் ஏன் பதறுறியள்?"

"குப்பைக்குச் சொந்தக்காரர் இதிலதான் நிக்கிறார். என்ர சம்பந்தி, உருளைக்கிழங்கு பயிரிடுறவர்."

"சம்பந்தியோ! அப்ப கிழங்கு இலவசமோ அண்ணை?"

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பியது.

"உம்மட அசைலம் கேசுக்கு ஊர்க் கடிதம் குடுத்தனீரோ?"

"ஓம்."

"என்வலப்பும் குடுத்தனீரோ?"

அவர் கண் வாழைப்பழப் பெட்டிக்குப் போனது. அகதி வழக்குக் கொடுத்த எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கடிதம் மட்டும் காணாது, எங்கிருந்து வந்தது என்று காட்ட உறையும் சீலும் வேண்டும் என்று வக்கீல் உயிரை வாங்குவார். உறைகளை நான் பாஸ்போர்ட் போலக் காத்தவன்.

"அதை ஒருத்தன் வெட்டியிருந்தா நீர் இப்ப எங்க நிப்பீர்? தெரிஞ்சுகொண்டே வெட்டியிருக்கிறீர்!"

கத்திவிட்டேன். ஒரு சொல்லும் விளங்காத ராபர்ட் என் கையைப் பிடித்தார். கடைக்காரர் கத்தரிக்கோலை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

"செவ்வாய்க்கிழமை அவரைக் கேக்கிறன் அண்ணை," என்றார். குரல் இறங்கியிருந்தது.

கேட்பார் என்று நம்பி வீட்டுக்கு வருகிற ஆள் நான் இல்லை. வீடு காலி செய்ய ஆள் பிடிக்குமுன் காகிதங்களை நீங்களே வெளியே எடுத்துவிடுங்கள். ராபர்ட்டின் தங்கையிலும் எனக்குக் கோபம் அதனால்தான். பிந்திப் போனால் முதலில் வெட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள், விலை பிறகு. நம்மவர் என்று வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் வாங்கினோம். கடிதங்களும் மூலையில்லா உறைகளும் சேர்த்து நூற்றிருபது பவுண். அறுபது அன்றே கையில். மற்ற அறுபது, விற்ற துண்டுகளைப் படம் எடுத்துத் தந்து, அதில் ஊர்ப்பெயரை நான் வாசித்த பிறகு.