சலூனில் தொங்கிய தொட்டில்

கல்யாணமாகி எட்டு வருஷம் வரை சலூன்காரர் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. மனைவி பஸ் ஓட்டுகிறவள். கூட வேலைக்குச் சேர்ந்த பெண்கள் பிள்ளை பிறந்ததும் ஒவ்வொருத்தியாக ஸ்டியரிங்கை விட்டுப் போனதைப் பார்த்தவள். அந்தத் தெருவிலேயே குழந்தை அழும் சத்தம் கேட்டு வெகுநாளாயிற்று. சேர்வதற்குப் பிள்ளைகள் இல்லாமல் ஆரம்பப் பள்ளியையும் மூடிவிட்டார்கள்.

"பெத்துக்கலாம். ஆனா வண்டிய விடமாட்டேன். நீ பாத்துக்குவியா?" என்று ஒருநாள் அவள் கேட்டாள். இவர் தலையாட்டிவிட்டார்.

மகள் பிறந்தாள். லீவு முடிந்து மனைவி டிப்போவுக்குக் கிளம்பிய அன்று, சலூன் கண்ணாடிக்கு எதிரே தொட்டில் தொங்கியது.

"மத்தியானம் வந்து பாக்குறேன். அதுக்குள்ள நீயே போன் பண்ணி அவளக் கூப்பிட்டிருப்ப," என்றாள் சலூன்காரரின் அக்கா.

ஒருமுறை கூப்பிட்டால் போதும், அவள் வேலைக்கு முழுக்குதான். அது இவருக்குத் தெரியும்.

முதல் ஆள் பூட்டுக்கடை மீசைக்காரர். மீசை ஓரத்தை மட்டும் ஒதுக்கச் சொல்லிச் சாய்ந்துகொண்டார். "பொண்டாட்டி பஸ் ஓட்டுறா, நீ தொட்டில் ஆட்டுற. நல்ல குடும்பம்டா."

அந்நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. சலூன்காரரின் கண் தொட்டிலுக்குப் போக, கத்தி தன்போக்கில் போயிற்று. பாதி மீசை துண்டில் விழுந்தது.

மீசைக்காரர் கண்ணாடியைப் பார்த்து, மிச்சமிருந்த பாதியைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணே, மீதியையும் எடுத்துடணும். இவ அழுதா என் கை ஓடாது. கொஞ்சம் புடிங்க."

"நானா? நாலு பெத்தவன்டா. ஒண்ணக்கூடத் தூக்கினதில்ல."

"அப்ப இப்படியே கடைக்குப் போங்க."

வாங்கிக்கொண்டார்.

"தலையத் தாங்குங்க. தோள்ல சாச்சுக்குங்க. தட்டுங்க. கதவ இல்லண்ணே, முதுக. மெதுவா."

குழந்தை ஓர் ஏப்பம் விட்டு, அவர் சட்டையை நனைத்துவிட்டு, உறங்கிப்போனது. மடிக்கு மாற்றியபின் மீதி மீசை சத்தமில்லாமல் இறங்கிற்று.

மத்தியானம் அக்கா வந்தபோதும் பூட்டுக்கடைக்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"யாருடா இது?" என்றாள், ஆள் அடையாளம் தெரியாமல்.

"மெதுவாப் பேசும்மா. இப்பத்தான் மறுபடி கண்ணசந்துது," என்றார் அவர்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "அவளக் கூப்பிட்டியா?"

"எதுக்கு?"

சாயங்காலம் மனைவி காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றாள். "நாளைக்கு முதல் ட்ரிப் எனக்குப் போட்டிருக்காங்க. போகவா?"

ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்த சலூன்காரர் நிமிர்ந்தார். "இதென்ன கேள்வி? போய் ஓட்டு."