முதலில் காயும் மேடு

உண்ணாமலை காலைத் தரையோடு இழுத்து இழுத்து நிலக்கடலையைத் துழாவிக்கொண்டே நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஓடுதளத்தின் நடுவே ஏர் ஓட்டியதுபோல் சால்கள் விழுந்தன. கோடியில் நின்று ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டினாள். சத்தம் வரவில்லை. உள்ளே பருப்பு இன்னும் ஈரம்.

ஐப்பசி மழை விடாமல் பெய்து அன்றுதான் வெளுத்திருந்தது. ஒழுகும் வீட்டில் குவித்து வைத்த கடலை புழுங்கிச் சூடேறிவிட்டது. முந்தின நாள் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தபோது சில காய்கள் வெள்ளையாக முளை காட்டின. விளைந்ததில் மற்றதெல்லாம் முன்பே செக்குக்குப் போய்விட்டது. இது விதை. இது கெட்டால் ஆடியில் காடு சும்மா கிடக்கும்.

விமானத் தளத்தின் காவலாளி அர்த்தநாரி வேலி இடுக்கு வழியாக அவளை உள்ளே விட்டிருந்தான். விமானம் எப்போதோ ஒருமுறைதான் வரும். இந்த மாதத்தில் வெயிலும் அப்படித்தான்.

களத்தில் செருப்புக் கால் படக் கூடாது என்பது உண்ணாமலையின் சட்டம். இது களமில்லை, சர்க்கார் ஓடுதளம் என்று அர்த்தநாரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

"சர்க்காரு மேல தாரு ஊத்தியிருக்குது. அடியில எங்க பாறக்களந்தான கெடக்குது? கழட்டிப் போட்டுட்டு வா கண்ணு."

அவள் தானியம் காயப்போடும் நாளெல்லாம் அவன் முணுமுணுத்துக்கொண்டே பூட்சை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு ரோந்து போனான். அவனும் களத்தில் மாடு ஓட்டி வளர்ந்தவன்தான்.

இந்தக் கரட்டு மேட்டைக் காட்டிக் கொடுத்ததே அவள்தான். முன்பு இடம் அளக்க வந்தவர்கள், மழை விட்டால் இந்தப் பக்கம் முதலில் காய்கிற இடம் எது என்று கேட்டார்கள். சர்க்கார் சிமெண்டுக் களம் போட்டுத் தரப்போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். மோர் கொடுத்து, பாறைமேல் ஏற்றி நிறுத்தி, "டவுனு பூராப் பள்ளத்துல கெடக்குது பாருங்க சாமி. பனியோ தண்ணியோ இங்க தங்காது" என்றாள். அவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். இப்போதும் அதை நினைத்துத் தன்னைத் தானே திட்டிக்கொள்வாள்: "மோரையுங் குடுத்து எடத்தையுங் குடுத்தேன்."

கடலை பரப்பிய அன்றைக்கு டவுனையே காணோம். பள்ளம் முழுக்கப் பனி. மில் புகைபோக்கிகளின் நுனி மட்டும் வெளியே நின்றது. மேட்டில் வெயில் சுள்ளென்று அடித்தது. காவல் கொட்டகையில் டெலிபோன் மணி அடித்தது. உள்ளே போன அர்த்தநாரி ஓடி வந்தான்.

"அக்கா, அள்ளுங்க! பிளேன் கெளம்பிருச்சாமா!"

"கீழ கண்ணு தெரியாத பனி. இதுல என்ன பிளேனு?"

"காத்தாலயே போன்ல கேட்டாங்க, மேல எப்பிடி இருக்குதுன்னு. நல்ல வெயிலுங்கன்னு நாந்தான் சொல்லித் தொலைச்சேன்."

"உன்ற வாயிருக்குதே..." என்றாள். அதற்குமேல் பேச நேரமில்லை.

அவன் கடலை தள்ளும் பலகையை எடுத்து ஓரத்துக்குத் தள்ள ஆரம்பித்தான். அவள் குறுக்கே வந்து நின்றாள். தாருக்கு வெளியே புல்லெல்லாம் சேறு.

"சேத்துல தள்ளாத! அத்தனையும் மொளச்சுப் போகும். சாக்குல அள்ளு."

"அள்ளி முடிக்கறவரைக்கும் அது வானத்துல நிக்குமாக்கா? ஆளு செத்தா ஆரு பதில் சொல்றது?"

சத்தம் முதலில் மலைப் பக்கமிருந்து வந்தது. பிறகு எல்லாப் பக்கமும் அதுவாகவே இருந்தது. உண்ணாமலை காலிச் சாக்குகளை உதறிச் சேற்றின்மேல் விரித்தாள். "இதுமேல தள்ளு!" இருவரும் தள்ளினார்கள். சாக்கு போதவில்லை. விமானம் தலைக்கு மேலே ஒரு வட்டம் அடித்தது. அடிவயிற்றில் இருந்த எண்ணெய்க் கறைகூடத் தெரிந்தது. சிறிய விமானம். உள்ளே ஒரு முகம் கீழே எட்டிப் பார்த்தது.

இன்னும் ஒரு பட்டை கடலை நடுவிலேயே கிடந்தது. அவள் குனிந்து கைகளால் வாரினாள். விமானம் கோடியில் இறங்கிவிட்டது. அர்த்தநாரி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள். அவன் இடுப்போடு சேர்த்துத் தூக்கிப் புல்லில் போட்டான். சக்கரம் கடலைமேல் ஏறிப் படபடவென்று போனது. பின்னால் வந்த காற்று மீதியைச் சேற்றில் இறைத்தது.

விமானம் நின்றது. அதிகாரி ஒருவர் இறங்கி நடந்து வந்தார். காலடியில் ஏதோ நொறுங்கவும் குனிந்து பார்த்தார்.

"நாந்தானுங்க காயப்போட்டேன். தம்பி மேல தப்பில்லீங்க சாமி" என்றாள் உண்ணாமலை.

அவர் அவளைப் பார்க்கவில்லை. காவலாளியின் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மழை இல்லை. வேலி இடுக்கை முள்கம்பி வைத்து அடைத்திருந்தார்கள். உண்ணாமலை கூடையோடு சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே வேறு ஆள் நின்றான்.

"அர்த்தநாரி வரலீங்களா?"

"இனிமே நாந்தான். உள்ள உடமாட்டேன், போங்க."

அவள் போகவில்லை. வாசலிலிருந்து டவுனுக்கு இறங்கும் புதுத் தார்ரோட்டில் கூடையைக் கவிழ்த்தாள். மிஞ்சின கடலையை ஒரு பாதியில் பரப்பினாள். அதிகாரிகளின் ஜீப் போக மறுபாதியை விட்டிருந்தாள்.