நான் எண்ணாமல் விட்ட கை

சென்ற ஆண்டு ஜனவரி 22, புதன்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். பூச்சியத்துக்குக் கீழ் இருபத்து நான்கு பாகை. காற்றையும் சேர்த்தால் முப்பத்து மூன்று. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. அந்த வேளையில்தான் திரேசம்மா காருக்காகத் தன் வீட்டு வெளிப்படிக்கட்டில் இறங்கினார். அவர் விழுந்ததற்குக் காரணம் நான்.

இதை இன்றுவரை எவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. இலங்கையில், மன்னார் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பதினொரு வருடம் புள்ளிவிபர எழுதுவினைஞர். மொன்றியலில் இருபத்தாறு வருடம் ஒரு துணிக் களஞ்சியத்தில் இருப்புக் கணக்கு. எதைக் கண்டாலும் எண்ணுவேன். மொன்றியலின் வில்லரேப் பகுதியிலுள்ள திரேசம்மாவின் வீட்டுக்குப் பத்தொன்பது இரும்புப் படிகள் என்பது, அவர் விழுவதற்கு முன்பே எனக்குத் தெரியும்!

எங்கள் தேவாலயப் பங்கின் மூத்தோர் வட்டத்துக்கு ஒரு கைப்பேசிச் செயலி இருக்கிறது. வைத்தியசாலைக்குப் போகவேண்டியவர் அதில் ஒரு பொத்தானை அழுத்தினால், கார் வைத்திருக்கும் தொண்டர் ஒருவர் வந்து ஏற்றிப் போவார். அதை வடிவமைத்தவள் நித்யா; கோயம்புத்தூர்ப் பிள்ளை, டவுன்டவுனில் ஒரு நிறுவனத்தில் இதே வேலை. எங்களுக்குச் சம்பளமில்லாமல் சனி ஞாயிறுகளில் செய்து தந்தாள். நான் வட்டத்தின் செயலாளர். செயலியில் எதை முதலில் திருத்துவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு என்னுடையது.

நவம்பரில் என் பட்டியலில் இருபத்து மூன்று குறைகள் இருந்தன. கிறிஸ்து பிறப்பு விழாவான நத்தாருக்கு முன் ஒன்றைத்தான் திருத்த முடியும் என்றாள் நித்யா. எது என்பதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை.

அதற்கு முந்திய மாதம் அவள் திரேசம்மாவோடு ஒருநாள் போயிருந்தாள். வாரத்தில் மூன்று காலை இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர் அவர். எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்... சும்மா வந்து ஏற்றுகிற பிள்ளைகளைக் காக்கவைக்கக் கூடாது. ஆகவே 'கார் வருகிறது' என்று செயலி சொன்னவுடனே கீழே இறங்கிவிடுவார்கள். கைப்பேசி மேலங்கியின் உட்பையில். கைகள் தடித்த கையுறைக்குள். பிறகு அதை எடுத்துப் பார்ப்பதில்லை. ஓட்டுநர் வரமுடியாமல் போனால் திரையில் எழுத்து மாறும். ஆனால் சத்தம் வராது. மணி அடிக்கவேண்டும் என்பதுதான் நித்யா கேட்டது.

நான் பட்டியலைப் பார்த்துச் சொன்னேன்: "ஒரு ஆள்தானே, பிள்ளை, சொல்லியிருக்கிறா."

"எத்தனை பேர் சொன்னாங்கன்னு பாக்காதீங்க அங்கிள். சரி பண்ணலைன்னா யாருக்கு என்ன ஆகும்னு பாருங்க."

எனக்கு அது கணக்காகப் படவில்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு, மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது, ஒவ்வொரு குறையாக வாசித்துக் கை உயர்த்தச் சொன்னேன். எழுத்துச் சிறிது என்பதற்கு ஒன்பது கை. மரண அறிவித்தல் பக்கத்தின் நிறத்துக்குப் பன்னிரண்டு. நான் வாசிக்க வாசிக்கச் சிரிப்பும் கதையும்.

மணி அடிக்கும் விடயத்தை வாசித்தபோது எல்லாரும் குனிந்து தங்கள் தேநீரைப் பார்த்தார்கள். ஓட்டுகிற பிள்ளைகளும் அங்கேதான் நின்றார்கள். அவர்கள் முன்னால் 'வராமல் விட்டால்' என்று யார் கை உயர்த்துவார்?

திரேசம்மாவின் கை மடியிலிருந்து சற்று எழுந்தது... அப்படியே போய்த் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டது.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பூச்சியம் என்று எழுதினேன்!

இன்னும் இருக்கிறது. பட்டியலின் இருபத்து மூன்றாவது விடயம் எவருடைய குறையுமல்ல. நானே சேர்த்தது. இதுவரை எத்தனை பயணங்கள் ஓடின என்று முகப்பில் பெரிய எண்ணாகக் காட்டவேண்டும் என்பது. நத்தார் விழாவில் ஆயிரமாவது பயணத்தை அறிவிக்க எனக்கு ஆசை. அதைக் குரலை உயர்த்தி வாசித்தேன். என் முகத்தைப் பார்த்துப் பதினேழு பேர் கை உயர்த்தினார்கள். நித்யா மூன்று வார இறுதிகள் செலவழித்து அதைச் செய்தாள். விழாவில் கைதட்டினார்கள். நான் மேடையில் நின்றேன். எதற்காக நின்றேன்?

அந்தப் புதன்கிழமை ஓட்டுநரின் கார் பற்றரி குளிரில் செத்துவிட்டது. ஏழு பதினாறுக்கு முறைப்படி 'வரமுடியாது' என்று பதிந்தார். எழுத்து மாறியது. திரேசம்மா வெளியே நின்றார். கடைசியில் தாங்க முடியாமல் மேலே ஏறத் திரும்பி, ஆறாவது படியில் வழுக்கினார். கீழ்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸை அழைத்தது ஏழு ஐம்பத்திரண்டுக்கு. எழுத்து மாறியதிலிருந்து முப்பத்தாறு நிமிடம்... இடுப்பெலும்பு முறிவு.

அடுத்த கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "உந்தச் செயலியைச் செய்த பிள்ளை இதுகளை யோசிக்கேல்லையோ?"

நித்யா என்னைப் பார்த்தாள். நான் கூட்டக் குறிப்புத் தாள்களின் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பெயரைச் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"ஆமா. நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்," என்றாள்.

யாரிடம் சொல்லியிருக்கவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. நான் அடுத்த விடயத்தை வாசித்தேன். அன்று மாலையே மணியைச் சேர்த்துவிட்டாள். இரண்டு மணித்தியால வேலை! அதன்பின் அவள் வட்டத்துக்கு வரவேயில்லை.

திரேசம்மாவை மகள், ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டிலுள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். நான் நான்கு தடவை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வசனத்தை மனனம் செய்துகொண்டு போவேன். நான்காம் தடவை அவரே அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"நான் அண்டைக்குக் கையை உயர்த்துவம் எண்டுதான் பாத்தனான் அண்ணை. பேந்து யோசிச்சன், மற்ற ஆக்களுக்கு இதைவிடப் பெரிய கரைச்சல் இருக்குமெல்லே. நீங்கள் ஒரு ஆள் எத்தினையெண்டு பாக்கிறது?"

என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது அவர் குரல். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கட்டிலின் ஓரத்தில்தான் இருந்தேன், கதவு சாத்தியிருந்தது, மகள் கடைக்குப் போயிருந்தாள். "சூப் ஆறப்போகுது, குடியுங்கோ," என்றேன்.

விழுந்ததிலிருந்து எழுபத்தோராம் நாள், நுரையீரலில் சளி கட்டி, அவர் போய்விட்டார்.

எல்லாரும் சேர்ந்து அனுப்பிய மலர்வளையத்தில் என் பெயரும் இருந்தது. அது போதவில்லை. தனியாக ஒன்று வாங்கப் போனேன். நாடாவில் என்ன எழுதுவது என்று பூக்கடைப் பெண் பிரெஞ்சில் கேட்டாள். தாளும் பேனாவும் தந்தாள். நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

ஒன்றும் எழுதவேண்டாம் என்றேன். அனுப்புகிறவர் பெயர் என்றாள். அதுவும் வேண்டாம் என்றேன்.

எழுபத்தைந்து டொலர். வரிகளோடு எண்பத்தாறு டொலர் இருபத்து மூன்று சதம்.