ஃபர்ஸ்ட் ஷிப்ட் படிக்கட்டு

போன மாதம் ஆம்பூரில் எங்கள் கல்லூரியின் புதிய கட்டடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஏசி குளிரில் புது பெயின்ட் வாசனை. பத்திரிகைக்காரன் புத்தி, குறை தேடினேன். லிஃப்ட்கூட ஒழுங்காக ஓடியது. படிக்கட்டு எங்கே என்றேன். தீப்பிடித்தால் மட்டும் திறக்கும் ஓர் இரும்புக் கதவைக் காட்டினார்கள்.

பழைய கட்டடத்தில் படிக்கட்டுதான் பிரதானம். நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் ரெண்டு பேர் ஏறிப் போகலாம். பக்கச் சுவரில் வரிசையாகத் துவாரங்கள்; சித்திரை வெயிலிலும் காற்று வரும். காற்று திசை மாறினால் தோல் பதனிடும் ஆலைகளின் வாடையும் வரும், அதை மறைப்பானேன். முக்கியமாக, அதற்குக் கதவு கிடையாது.

என் வகுப்பில் படித்த செல்விக்கு மாதனூர்ப் பக்கம். அவள் அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனி பஸ்ஸில்தான் செல்வியும் வருவாள். டவுன் பஸ்ஸை நம்பினால் முதல் வகுப்பு போய்விடும். ஆனால் கம்பெனி பஸ் விடிந்ததும் இறக்கிவிட்டுவிடும். "வயசுப் பொண்ணு அந்நேரத்துல ரோட்ல நிக்கிறதா? பேசாம நீயும் கம்பெனிக்கே போய்டு" என்றுவிட்டார் அவள் அப்பா.

அவள் அம்மா ஒருநாள் கூடவே வந்து பார்த்தார். ரயிலில் வந்த ஆங்கில மேடம் படிக்கட்டில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அந்நேரத்தில் ஸ்டாஃப் ரூம் பூட்டியிருக்கும். அவருக்கும் அதுதான் போக்கிடம்.

"இன்னா மேடம், உங்களுக்கும் ஃபர்ஸ்ட் ஷிப்ட்டா?"

"ஆமாங்க்கா. ஓவர்டைம்தான் கிடையாது."

அம்மா வீட்டில் போய், "காலேஜ்லயும் ஃபர்ஸ்ட் ஷிப்ட் இருக்குது, டீச்சரே வர்றாங்க" என்றாராம். ஷிப்ட் என்றால் அப்பாவிடம் மறுபேச்சு இல்லை. படிக்கட்டுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

உள்ளூர்க்காரனான நானும் விடியலிலேயே போக ஆரம்பித்தேன். படிக்க என்று வீட்டில் சொன்னேன். செல்வி கொண்டுவரும் எலுமிச்சைச் சோற்றுக்காக என்பது அவளுக்குத் தெரியும். "ஒம்போது மணி ஜெனரல் ஷிப்ட்டுக்கு இங்க இன்னாடா வேலை?" என்பாள். கொடுத்துவிட்டுத்தான் கேட்பாள்.

அந்தக் கட்டடத்தை வரைந்தவர் யாரென்று தெரியாது. படியின் அகலத்தைக் கொஞ்சம் சுருக்கி, கீழே ஒரு கதவும் போட்டிருந்தால், செல்வி இன்று அதே கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருக்க மாட்டாள்.

புதிய கட்டடத்தைப் பார்த்த மறுநாள் விடியலில் ரயிலுக்குப் போகும்போது பார்த்தேன். பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தன் ஸ்கூட்டர்மேல் பையை வைத்துக்கொண்டு செல்வி நின்றிருந்தாள். பக்கத்தில் கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கிய இரண்டு மாணவிகள்; அவர்களுக்குத் துணையாகத்தான் அவள் அந்நேரத்துக்கே வருகிறாளாம். கல்லூரி நேரத்துக்கு முன்னால் அந்தக் கதவு யார் கார்டுக்கும் திறக்காதாம்.

"இன்னா செல்வி, ஃபர்ஸ்ட் ஷிப்ட்டா?"

அவள் சிரித்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "காலேஜ்ல ஏது மேடம் ஷிப்ட்டு?" என்றாள் ஒருத்தி.

செல்வி என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னாள்: "மூணு பேரா வந்துட்டு இருந்தாங்கடா. ஒருத்தி இப்ப பஸ்ஸ விட்டு இங்க எறங்கறதில்ல. நேரா கம்பெனி வேலைக்குப் போய்டறா."