லைனில் வந்த கரகரப்பு

வீட்டிலிருந்தே புகார் கேட்கும் வேலையில், அடுத்தவர் வீட்டுச் சத்தத்துக்குப் பதில் சொல்லத்தான் சம்பளம். நம் வீட்டுச் சத்தம் வெளியே கேட்டால் அந்தச் சம்பளம் போய்விடும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு குக்கர் விசிலுக்கும் தெரு நாய்க்கும் பயந்து பேசுகிற எல்லோருக்கும் இது தெரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

யார் வீட்டு பிரிட்ஜ்?

நான் போடியில், எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, ஒரு பிரிட்ஜ் கம்பெனிக்காகப் புகார் கேட்கிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்பதால், எதிலும் தப்பு வந்துவிடக்கூடாது என்று எனக்குப் பயம் அதிகம். சத்தம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய கேள்விகளை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். எப்போதிருந்து வருகிறது? தொடர்ந்து வருகிறதா, விட்டு விட்டா? குளிர் கூடினால் அதிகமாகிறதா?

சேலத்திலிருந்து பேசிய ஒரு அம்மாவிடம் இதையெல்லாம் வரிசையாகக் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியாக பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். போய்ப் பிடுங்கிவிட்டு வந்தார்.

"பிரிட்ஜ் நின்னுருச்சும்மா. ஆனா போன்ல இன்னும் கரகரன்னு கேக்குது. மொதல்ல உன் பக்கம் என்னன்னு பாரு."

போட்டுக் காட்டினார்

நான் இன்னும் சோதனைக் காலத்தில்தான் இருந்தேன். அது முடிந்து வேலை நிரந்தரமானால்தான் முழுச் சம்பளம். அம்மா ஏலக்காய்க் கடையிலிருந்து காய் வாங்கிவந்து வீட்டில் பொறுக்கித் தருகிறாள். அந்த வேலை சில நாள் இருக்கும், பல நாள் இருக்காது. மலைத் தோட்டத்தில் வேலை பார்த்த அப்பா முடியாமல் வீட்டோடு இருக்கிறார். ஆக, என் வேலையை நம்பித்தான் வீடு.

கோயம்புத்தூரிலிருக்கும் டீம் லீடர் கூப்பிட்டு, நான் பேசிய போன் கால்கள் சிலவற்றின் ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினார். என் குரலுக்குப் பின்னால் ஏதோ அறுப்பது போல ஒரு சத்தம். நிற்கிறது, மறுபடி ஆரம்பிக்கிறது. தரம் பார்க்கிறவர்கள் ஏற்கனவே குறித்துவிட்டார்களாம். இன்னொரு முறை குறித்தால் நிரந்தரம் கிடையாது என்றார். வீடு சின்னது சார், ஒரே ரூம்தான் என்று என்னென்னவோ சொன்னேன்.

"வீட்டை மாத்தச் சொல்லலைங்க. கம்ப்யூட்டர் ஃபேன் போயிருக்கும், அதை மாத்துங்க."

சி.பி.யு.வுக்குள் ஏலக்காய்

சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் சிக்கந்தர் அண்ணன் கடைக்குப் போனேன். பழைய கம்ப்யூட்டராகப் பார்த்து எனக்குச் சேர்த்துக் கொடுத்தவர் அவர்தான். மூடியைக் கழற்றியதும் கடை முழுக்க ஏலக்காய் வாசனை. ஃபேன் இறக்கைகளில் தோலும் காம்புத் தூசியும் அப்பிக் கிடந்தன.

வீட்டுக்கு வந்து கேட்டபோது அம்மா மறைக்கவில்லை. சாரல் மாதத்தில் காய் ஈரம் இழுத்துவிடும், கடைக்காரர் திருப்பிவிடுவார். சி.பி.யு.வுக்குப் பின்னால் வெதுவெதுப்பாகக் காற்று வருவதைப் பார்த்திருக்கிறாள். நான் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, அவள் பின்னால் முறத்தை வைத்துக் காய் உலர்த்தியிருக்கிறாள். மறுநாள் இதைச் சொன்னபோது சிக்கந்தர் அண்ணன் புது ஃபேனைத் திருகிக்கொண்டே சிரித்தார்.

"உங்கம்மாவைக் குத்தம் சொல்லாத பாப்பா. உள்ள கெடந்த ரெண்டு காயை உடைச்சுப் பாத்தேன், நல்லாத்தான் காஞ்சிருக்கு."

பிளக்கைப் பிடுங்கிய பிறகு

புது ஃபேன் சத்தமே இல்லாமல் ஓடியது. அப்படியும் அடுத்த நாளே ஒரு வாடிக்கையாளர், "பக்கத்துல மரம் அறுக்குறாங்களா?" என்று கேட்டார். ஹெட்செட்டை மாற்றினேன். மேசையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன். ஒன்றும் பலிக்காமல், சிக்கந்தர் அண்ணனை வீட்டுக்கே வரச் சொன்னேன்.

அவர் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். கடைசியில் பிளக்கையே பிடுங்கினார். கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. சத்தம் வந்துகொண்டிருந்தது. ரூமை ரெண்டாகத் தடுத்திருக்கும் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம்தான் அப்பாவின் கட்டில். எட்டிப் பார்த்தால், துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தார். நான் பேசும்போதெல்லாம் இருமலை அப்படித்தான் அடக்கியிருக்கிறார். இருமல் அடங்கியது, நெஞ்சு இழுப்பது அடங்கவில்லை. தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தும், காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகுப் புகையில் நின்றும் வந்த இழுப்பு அது. சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்ததால் எனக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை.

சிக்கந்தர் அண்ணன் ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டார்.

"எந்திரிச்சு சாஞ்சு உக்காருங்கண்ணே, துண்டை எடுங்க. மிசின்ல ஒரு கோளாறும் இல்ல."

அதே கேள்விகள்

லீவு போட்டு அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எப்போதிருந்து இருக்கிறது, குளிரில் கூடுதா என்று டாக்டர் கேட்கக் கேட்க, என் கேள்விகளையே யாரோ என்னிடம் படித்துக் காட்டுவது போல இருந்தது. தினமும் வாயில் வைத்து உறிஞ்சுகிற இன்ஹேலர் மருந்து எழுதிக் கொடுத்தார். புகையும் மலைக்குளிரும் இனி ஆகவே ஆகாது என்றார். தொடர்ந்து வருதா, விட்டு விட்டா என்ற கேள்விக்கு மட்டும் அப்பா என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"விட்டு விட்டுத்தான் சார். பிள்ளை பேசுறப்ப நிப்பாட்டிப் பாத்தேன், நிக்க மாட்டேங்குது."

உள்ளதைச் சொன்னேன்

டீம் லீடரிடம் பொய் சொல்ல வரவில்லை. சத்தம் கம்ப்யூட்டர் இல்லை, எங்கப்பா மூச்சு விடுவது என்று சொல்லிவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை.

"எனக்குப் புரியுதுங்க. ரெக்கார்டிங் கேக்குறவங்களுக்கு அது அப்பாவான்னு தெரியாது, சத்தம்னு மட்டும்தான் தெரியும்."

ஜீப்பு

டீம் லீடரிடம் நான் சொன்னது தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து நான் எழுந்தபோது கட்டில் காலி. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் விடியும் முன்பே போய்விட்டார் என்றாள் அம்மா. பழைய முதலாளியிடம் கேட்டு, ஸ்டோருக்குக் காவல் இருக்கப் போயிருக்கிறார், அங்கேயே தங்கல். உறிஞ்சுகிற மருந்தை எடுத்துக்கொண்டு போனாரா என்று முதலில் பார்த்தேன். எடுத்திருந்தார்.

அப்பா போனுக்குச் சிக்னல் கிடைத்ததும் அழுதேன். டாக்டர் என்ன சொன்னார், நீங்க என்ன செய்றீங்க, நான் இந்த வேலையை விட்டுடுறேன், வெரசா இறங்கி வாங்க என்றேன். வேலையை விட்டால் அந்த மருந்தை எதைக் கொண்டு வாங்குவேன் என்று அவர் கேட்கவில்லை. எனக்கே தெரியும் என்று விட்டுவிட்டார். குளிருதா என்று கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது.

"குளிருதுதான். ஆனா இங்க எவனும் காது குடுத்துக் கேக்குறதில்ல ஆத்தா, சத்தமா இருமிக்கிறேன்."

நிரந்தரம்

அந்த வாரத்துக் கால்களைக் கேட்டுவிட்டு டீம் லீடரே கூப்பிட்டார். உத்தரவு மெயிலில் வரும் என்றார். நன்றி சொன்னேன்.

"இப்ப சுத்தமா இருக்குங்க. உங்க வீட்ல ஆளே இல்லாத மாதிரி இருக்கு."

இந்தத் தொழிலில் இதைத்தான் தரம் என்கிறார்கள்.